முகம் மறைத்த சாட்சியம்: ஈழ இயக்கத் தன்வரலாறுகள் வந்த வழி

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் 1984 ஆகஸ்ட் 2 இரவு குண்டு வெடித்துச் சுமார் 30 பேர் இறந்தார்கள். இலங்கையர் பலர். கொழும்பு விமானத்தில் ஏற்றக் கொண்டுவந்த பெட்டிகளில் இருந்த குண்டு அது. தமிழீழ இராணுவம் என்ற சிறு குழுவின் வேலை. ஈழப் போராளிகளுக்குத் தமிழகம் இடமும் சோறும் கொடுத்துவந்த காலம் அது.

இயக்கங்களுக்கு உள்ளே ஊறிய கசப்பு அடுத்த ஆண்டே நூலாயிற்று. புளொட் என்ற போராளி அமைப்பிலிருந்து பிரிந்த 'தீப்பொறி' குழு 1985இல் 'புதியதோர் உலகம்' நாவலை வெளியிட்டது. எழுதியவர் பெயர் கோவிந்தன், அது புனைபெயர். தமிழகத்தின் ஒரத்தநாடு வட்டாரத்து முகாம்களில் சொந்தத் தோழர்களாலேயே இளைஞர்கள் வதைபட்டதை உள்ளிருந்தே பார்த்தவரின் எழுத்து. நடந்ததைச் சொல்ல நாவல் வடிவம் ஏன்? விலகியவர்களை இயக்கம் தேடிக்கொண்டிருந்தது என்பதே நேரான விடை. இலக்கிய விமர்சகர்கள் இந்நூலின் கலைக் குறைகளைப் பட்டியலிடுவதுண்டு. எனக்கு அது வீண் வேலையாகப் படுகிறது; அந்தக் கதைமாந்தர்கள் எழுதியவருக்குக் கவசம். கோவிந்தனைப் பின்னர் விடுதலைப் புலிகள் பிடித்துச் சென்றார்கள், அவர் திரும்பவில்லை.

சொந்தப் பெயரில் பேசியவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு ராஜினி திராணகம சான்று. ஒருகாலத்தில் புலிகளுக்கு ஆதரவாக நின்ற மருத்துவ விரிவுரையாளர். 'முறிந்த பனை' நூலின் நான்கு ஆசிரியர்களுள் ஒருவர். 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அடுத்த கட்டம் பிரான்சில் நிகழ்ந்தது. ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) அகதித் தஞ்சம் கேட்கும் விண்ணப்பத்தோடு தொடங்கி, அடிக்குறிப்புகளோடு நகரும் நாவல். ஆவணம் போலத் தோன்றும் புனைவு; புனைவின் பாதுகாப்பை அது இன்னும் கைவிடவில்லை. இரண்டே ஆண்டில் சி. புஷ்பராஜாவின் 'ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்' வந்தது. தமிழ் இளைஞர் பேரவைக் காலத்திலிருந்தே களத்தில் நின்றவர், தன் பெயரையும் பிறர் பெயர்களையும் போட்டே எழுதினார். வரிசை தற்செயலானதல்ல. கடல் கடந்த தூரம் ஒரு துணிவைத் தந்தது. போர் முடிவு இன்னொன்றைத் தந்தது. புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுப் பொறுப்பாளராயிருந்த தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' 2016இல் வெளியானபோது, அவர் புற்றுநோயால் இறந்து நான்கைந்து மாதங்கள் ஆகியிருந்தன. நூலில் பிறர் கைபட்டிருக்குமோ என்று அப்போது சர்ச்சை கிளம்பியது. சாட்சியைக் கேட்கும் முன்பே அவர் யார் பக்கம் என்று பார்க்கும் பழக்கம் நம்மைவிட்டு இன்னும் போகவில்லை.

இவை எல்லாமே எழுத்து. ஈரானின் மர்ஜான் சத்ரபியோ இதே அனுபவத்தை வரைந்தார். 1979 புரட்சியை அவர் குடும்பமே வரவேற்றது. ஷாவின் சிறையில் கிடந்த சித்தப்பா அனூஷைப் புதிய ஆட்சி கொன்றது. 2000 முதல் 2003 வரை பிரான்சில் நான்கு பாகங்களாக வந்த 'பெர்சிபோலிஸ்' கறுப்பு வெள்ளைச் சித்திரங்களில் இதைச் சொல்கிறது. புஷ்பராஜாவின் சாட்சியமும் அதே 2003இல்தான் வந்தது.

படக்கதை நமக்குப் புதிதல்ல. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்துவிட்டது. ஆகவே தமிழில் இப்படியொரு நூல் வரையப்படாததற்கு வடிவம் தெரியாததைக் காரணமாகச் சொல்ல முடியாது. வரைவதென்றால் முகம் வேண்டும் என்பதே என் கணிப்பு. பெயரை மாற்றிவிட்டால் எழுத்தில் ஆள் மறைந்துவிடுவார். சித்திரத்தில் மூக்கும் மீசையும் காட்டிக்கொடுக்கும். பெஞ்சமின் டிக்ஸும் லிண்ட்சே பொல்லாக்கும் 2019இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'வன்னி' சித்திர நாவல்கூட, பலரின் வாக்குமூலங்களைத் திரட்டிக் கற்பனைக் குடும்பம் ஒன்றைத்தான் வரைகிறது. அதுவும் போரில் சிக்கிய மக்களின் கதை. இயக்கத்தை நம்பிச் சேர்ந்து மனம் கசந்தவரின் தன்வரலாறு அல்ல.

அப்படியொரு நூலைத் தமிழில் ஒருவர் வரைய வேண்டுமானால் முகாமின் கூரை, உடுப்பு, சுவரொட்டி, உணவுத் தட்டு எல்லாம் எப்படி இருந்தன என்று தெரிய வேண்டும். அவற்றைக் கண்ட தலைமுறைக்கு இப்போது அறுபது வயது தாண்டிவிட்டது. எண்பதுகளின் துண்டறிக்கையோ இயக்க இதழோ புகைப்படமோ உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தையோ ஈழ ஆவணங்களைச் சேர்க்கும் நூலகம் நிறுவனத்தையோ கேட்டுப் பாருங்கள்.