நாணேகாட்டில் ஒரு ராணியின் கணக்கு

ஊரிலிருந்து யாராவது வந்தால் புனே தமிழர்கள் கூட்டிப் போகும் இடங்கள் அநேகமாக ஒன்றேதான்: சனிவார் வாடா, சிங்ககட், லோனாவ்லா, நேரம் இருந்தால் கார்லா குகை. எல்லாமே நல்ல இடங்கள். ஆனால் நம்மவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய ஒன்று இந்தப் பட்டியலில் வருவதே இல்லை. அதன் பெயர் நாணேகாட்.

புனேயிலிருந்து சுமார் 120 கி.மீ. ஜுன்னர் தாண்டிப் போனால் மலை விளிம்பு வரை சாலை இருக்கிறது. கீழே கொங்கணம். அந்த விளிம்பைப் பிளந்துகொண்டு ஒரு கல் பாதை காட்டுக்குள் இறங்குகிறது. கல்யாண், சோபாரா துறைமுகங்களிலிருந்து இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பு வணிகர்கள் சரக்கோடு ஏறி வந்த வழி. மராத்தியில் நாணே என்றால் நாணயம், காட் என்றால் கணவாய். மேலே ஒரு பெரிய கல் ஜாடி இருக்கிறது. வசூலான சுங்கக் காசை அதில்தான் போட்டார்களாம், ஊரார் சொல்கிறார்கள்.

பாதையில் கொஞ்சம் இறங்கினால் ஒரு குகை. சாதவாகன அரச குடும்பத்தினரின் உருவங்களை அதன் பின்சுவரில் வரிசையாகச் செதுக்கியிருந்தார்கள். இன்று மிஞ்சியிருப்பது பாதங்களின் தடயமும் மேலே பெயர்களும்தான். முதல் சாதவாகன அரசன் சிமுகனுக்கும் அதே கதி!

பக்கச் சுவர்களில் பிராகிருத மொழியில், பிராமி எழுத்தில் நீண்ட கல்வெட்டு. கி.மு. முதல் நூற்றாண்டு என்பது பலரின் கணிப்பு. 1828ல் இதைப் பார்த்து வெளியுலகுக்குச் சொன்னவர் வில்லியம் சைக்ஸ் என்ற ஆங்கிலேயர். சாதகர்ணி அரசனின் மனைவி நாகனிகாவோடு சேர்த்துப் பேசப்படும் கல்வெட்டு இது. யாகங்களுக்குக் கொடுத்த தட்சிணை முழுவதும் கணக்காக இருக்கிறது: ஓரிடத்தில் 1,700 பசு, 10 யானை, இன்னோரிடத்தில் 11,000 பசு, 1,000 குதிரை.

எண்களின் சரித்திரம் எழுதுபவர்கள் இந்தக் குகையை விடமாட்டார்கள். இதில் பூஜ்யம் கிடையாது. பத்துக்கு ஒரு குறி, நூறுக்கு ஒன்று, ஆயிரத்துக்கு ஒன்று. எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? நம் தாத்தாக்கள் ௰, ௱, ௲ என்று எழுதிய அதே முறைதான்.

நமக்கு இன்னொரு உறவும் உண்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் இதே வம்சத்து வாசிட்டிபுத்திர சாதகர்ணி வெளியிட்ட வெள்ளிக்காசில் ஒரு பக்கம் பிராகிருதம், மறுபக்கம் ஒரு தென்னாட்டு மொழி. அது தமிழ்தான் என்று ஐராவதம் மகாதேவன் போன்றவர்கள் படித்தார்கள். மாற்றுக் கருத்தும் இருக்கிறது. எப்படியானாலும் 'மகன்', 'திரு' என்ற சொற்கள் அதில் இருக்கின்றன. தக்காணத்து ராஜா, தெற்கே புழங்கும் காசில் தெற்கத்தி பாஷையையும் போட்டிருக்கிறான்.

இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி பேசுகிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத உலகங்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களிடம் இந்தக் காசைப் பற்றிச் சொல்லுங்கள். ஈராயிரம் வருடப் பழக்கம் என்று புரியும்.

மழைக்காலத்தில் பாதை வழுக்கும். கார்த்திகை, மார்கழியில் போங்கள். சுவரில் தேய்ந்துகொண்டிருக்கும் எழுத்தைத் தொடாமல் எண்களைத் தேடச் சொல்லுங்கள். இரண்டு என்பது வெறும் இரண்டு படுக்கைக் கோடு. அதை ஆறு வயதுக் குழந்தையும் கண்டுபிடித்துவிடும்.