பலகையில் ஒளிந்த உளவு: சர்க்யூட் போர்டுச் சோதனையும் ஒன்ராறியோவும்

2018 ஒக்டோபர் 4ஆம் திகதி ‘புளூம்பேர்க் பிசினஸ்வீக்’ வெளியிட்ட கட்டுரையொன்று போகிறபோக்கில் ஒன்ராறியோவைக் குறிப்பிடுகிறது. எலிமெண்டல் என்ற நிறுவனத்தை வாங்குவதற்கு அமேசன் முயன்றுகொண்டிருந்த 2015இல், எலிமெண்டலின் சேர்வர்கள் சில பெட்டிகளில் அடைக்கப்பட்டுச் சோதனைக்காக இந்த மாகாணத்துப் பாதுகாப்பு நிறுவனமொன்றுக்கு அனுப்பப்பட்டனவாம். அவற்றிலிருந்த சுப்பர்மைக்ரோ நிறுவனத்தின் மதர்போர்டுகளில், மூல வடிவமைப்பில் இல்லாத, அரிசிமணி அளவேயான உளவுச் சிப் ஒன்று அகப்பட்டது என்றது அக்கட்டுரை. சோதித்த நிறுவனத்தின் பெயர் அதில் இல்லை. சோதிக்கப்பட்ட பலகை இன்றுவரை பொதுவில் காட்டப்படவும் இல்லை. அதில் பேசப்பட்ட அமேசன், அப்பிள், சுப்பர்மைக்ரோ மூன்றும் செய்தியை அடியோடு மறுத்தன.

இச்சம்பவத்தை எடைபோட, 1984க்குப் போகவேண்டும். மொஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தின் ஏறத்தாழ 11 தொன் சாதனங்களை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை அப்படியே அள்ளி மேரிலாந்துக்குக் கொண்டுவந்தது. ‘கன்மேன்’ என்பது அந்த நடவடிக்கையின் பெயர். ஜூலை 23 இரவு, ஐபிஎம் செலெக்ட்ரிக் தட்டச்சுப் பொறியொன்றின் மின்சுவிட்சில் ஒரு சுருள் கூடுதலாக இருப்பதைத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் கவனித்தார். பொறி முழுவதையும் எக்ஸ்ரே எடுத்தார். வெறும் உலோகச் சட்டமென்று எல்லோரும் நம்பியிருந்த பகுதிக்குள் நுண்ணிய மின்சுற்று ஒன்று இருந்தது. எழுத்துருளை அசைக்கும் பாகங்களின் நகர்வைக் காந்தப்புல மாற்றத்தால் உணர்ந்து, தட்டப்படும் எழுத்துகளை அது வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. மொத்தம் 16 பொறிகளில் இப்படிக் கண்டார்கள். அந்தப் பொறிகளும் எக்ஸ்ரே படங்களும் கையிலிருந்ததால் கண்டுபிடிப்பு ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றது.

அன்றைய முறையின் சாரம் இன்றும் மாறவில்லை: மாசற்றதென்று உறுதியான மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு ஒப்பிடுவது. கடினமாகிவிட்டது ஒப்பீடுதான். இன்றைய சேர்வர் மதர்போர்டில் தடையிகளும் மின்தேக்கிகளும் நூற்றுக்கணக்கில் நெருங்கிக் கிடக்கின்றன. இணைப்புத் தடங்கள் பல அடுக்குகளுக்கு உள்ளே ஓடுவதால், மேற்பரப்பை லென்ஸால் பார்த்தால் போதாது. எக்ஸ்ரேயால் அடுக்குகளைப் படமெடுக்க வேண்டும், மின்னோட்டத்தை அளக்க வேண்டும், ஃபிளாஷ் சிப்பிலுள்ள ஃபர்ம்வேரைப் பிரதியெடுத்து ஒப்பிட வேண்டும். ஃபிளாஷ் சிப்புக்கும் சேர்வரின் மேலாண்மைக் கட்டுப்பாட்டகத்துக்கும் இடையே ஒரேயொரு தடையி இருக்கும் இடத்தில் உளவுக் கருவியைப் பொருத்தலாம் என்பதைக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ட்ரமெல் ஹட்சன் 2018 டிசம்பரில் ஜேர்மனியில் செய்து காட்டினார். ஆகவே புளூம்பேர்க் சொன்னது நடக்கக்கூடியதே. நடந்ததா என்பது வேறு கேள்வி. அதற்குப் பலகை வேண்டும்.

ரொறன்ரோவில் வேறொரு மரபு உண்டு. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் சிற்றிசன் லாப், 2001இல் ரொன் டீபேர்ட் தொடங்கியது. தர்மசாலாவில் திபெத்திய அலுவலகக் கணினிகளை ஆராய்ந்து, 103 நாடுகளில் 1,295 கணினிகளைப் பீடித்திருந்த ‘கோஸ்ட்நெற்’ வலையை அதன் ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் 2009 மார்ச்சில் அம்பலப்படுத்தினார்கள். அது மென்பொருள் உளவு. ஆனால் எப்படிக் கண்டோம் என்பதைப் படிப்படியாக எழுதி, எவரும் படித்து மறுக்கலாமென்று வெளியிட்டார்கள். வன்பொருள் ஆய்வுக்கு இந்தத் துணிவும் ஒழுக்கமும் இன்னும் வாய்க்கவில்லை என்பதே என் வாதம்.

அரசும் இதற்கு விலக்கல்ல. சீன நிறுவனமான ஹுவாவியின் கனடாத் தலைமையகம் தமிழர் அடர்ந்து வாழும், ஒன்ராறியோவின் மார்க்கம் நகரில் இருக்கிறது. அதன் தொலைத்தொடர்புக் கருவிகளைத் தனியார் ஆய்வுக்கூடங்களில் சோதிக்கும் திட்டத்தைக் கனடா 2013 முதல் நடத்திவந்தது. பிரித்தானியா, ஹுவாவி கருவிச் சோதனைக்கான தன் மேற்பார்வைக் குழுவின் அறிக்கைகளை ஆண்டுதோறும் வெளியிட்டது. இங்கோ சோதனை விவரங்கள் மக்கள் கைக்கு வரவில்லை. 2022 மே மாதம் ஹுவாவி, இசட்ரிஈ ஆகிய சீன நிறுவனங்களின் கருவிகளுக்குத் தடை அறிவிக்கப்பட்டது. 4ஜி வலையமைப்பில் ஏற்கெனவே உள்ளவற்றை அகற்ற 2027 டிசம்பர் 31 வரை கெடு தரப்பட்டது. கழற்றப்படும் அந்தப் பலகைகளில் சிலவற்றையாவது பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களிடம் ஒப்படைத்து, எக்ஸ்ரே படங்களோடு முடிவுகளை வெளியிடச் செய்யவேண்டும்.