பெற்றோல் ஏறிய கதை

மோட்டார் வண்டி ஏற்றத்தில் தளர்ந்து நின்றுவிட்டால், "எஞ்சினில் வலுவில்லை" என்று சொல்லிவிடுகிறோம். பல வேளைகளில் குறை எஞ்சினில் அன்று. அதற்குப் பெற்றோல் வந்துசேரும் வழியிலேயே இருக்கிறது. அந்த வழி உருவாகிய வரலாற்றை அறிந்தவருக்குக் குறையைத் தேடும் முறையும் எளிதில் விளங்கும்.

அமெரிக்காவில் 1908 முதல் 1927 வரை செய்யப்பட்ட போர்ட் 'ரீ' வண்டியில் எரிபொருட் பம்பியே இல்லை. நெடுங்காலம் அதன் தாங்கி முன்னாசனத்தின் கீழ் இருந்தது; பெற்றோல் தன் எடையினாலேயே காபரேற்றருக்கு இறங்கிற்று. பெற்றோல் குறைந்திருக்கையில் செங்குத்தான மேட்டில் ஏறினால், வண்டியின் முன்புறம் உயர, காபரேற்றரும் தாங்கிக்கு மேலே போய்விடும். ஆகவே சாரதிகள் வண்டியைத் திருப்பி, பின்னோக்கிச் செலுத்தி மேடேறினர்!

பின்னர்த் தாங்கியை வண்டியின் பின்புறத்தில் தாழ்வாக வைக்கலாயினர். எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் உறிஞ்சலைக் கொண்டே பெற்றோலையும் மேலேற்றும் வெற்றிடத் தாங்கி வழக்கிற்கு வந்தது. சமதரையில் அது செவ்வனே வேலை செய்தது. நீண்ட ஏற்றத்தில் சாரதி முழுவதும் மிதித்தபோதோ உறிஞ்சல் தளர்ந்தது. பெற்றோல் மிகுதியாக வேண்டிய நேரத்திலேயே அதன் வரத்துக் குறைந்தது.

இக்குறையைத் தீர்த்தது, மெல்லிய சவ்வொன்று மேலும் கீழும் அசைந்து பெற்றோலைத் தள்ளும் பம்பி. சிலவற்றை எஞ்சினே இயக்கும். சிலவற்றை மின்சாரம் இயக்கும். 1948இல் பிரித்தானியாவில் வெளிவந்து, நம் நாட்டு வீதிகளிலும் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனரில் இருந்தது எஸ்.யூ. மின்பம்பி. சாவியைத் திருப்பியதும் அது 'டிக், டிக்' என ஒலிக்கும். காபரேற்றர் நிறைந்ததும் ஓயும். அந்த ஒலியே நோயைச் சொல்லிவிடும். ஒலியே இல்லையெனில், மின்சாரம் வரவில்லை, அல்லது அதன் தொடுமுனைகள் கருகிவிட்டன. ஓயாமல் விரைந்து ஒலித்தால், தாங்கி வெறுமையாயிற்று, அல்லது குழாயில் எங்கோ காற்றுப் புகுகிறது. மிக மெதுவாக ஒலித்தால் வழியில் அடைப்பு உண்டு.

1967இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் மின்னணு முறையில் பெற்றோலைத் தெளிக்கும் அமைப்பை வொக்ஸ்வாகன் வண்டியில் புகுத்தியது. காபரேற்றருக்குச் சதுர அங்குலத்துக்கு ஒருசில இறாத்தல் அமுக்கமே போதும். இதற்கோ ஏறக்குறைய 30 இறாத்தல் வேண்டியிருந்தது. இன்று இத்தகைய பம்பி பெரும்பாலும் தாங்கிக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. பெற்றோலே அதைக் குளிர்விக்கிறது. அதன் நிலையைச் செவியால் மட்டும் அறிய முடியாது. அமுக்கமானியால் அளத்தல் வேண்டும்.

அளவு குறைந்திருந்தாலும் உடனே பம்பியைக் குற்றஞ்சாட்டலாகாது. பம்பிக்கு மின்சாரம் முழுமையாக வருகிறதா, வடிகட்டி அடைபட்டதா, அமுக்கத்தைச் சீராக்கும் கருவி பழுதா என்று வரிசையாகப் பார்க்கவேண்டும். வண்டி நிற்கையில் அமுக்கம் சரியாயிருந்து, பாரமிழுக்கும்போது மட்டும் வீழ்ந்தால், அடைபட்ட வடிகட்டியோ தளர்ந்த பம்பியோ காரணமாகலாம். இவற்றுள் மலிவானது வடிகட்டி. அதை முதலிற் பார்ப்பதே சிக்கனம்.

பம்பியை மாற்றத்தான் வேண்டுமெனில், பொருந்தும் வடிவம் மட்டும் போதாது. அமுக்கமும், மணிக்கு எவ்வளவு பெற்றோல் தள்ளும் என்ற அளவும், வண்டியைச் செய்தவர் விதித்தபடி இருத்தல் வேண்டும். "வலுக்கூடியதே நல்லது" என்றெண்ணி, தெளிப்பு எஞ்சினுக்குரிய பம்பியைப் பழைய காபரேற்றர் வண்டியில் பூட்டினால், அந்த அமுக்கம் ஊசி வால்வைத் தள்ளித் திறந்துவிடும். பெற்றோல் சூடான எஞ்சின்மீது வழியும். அதனால் நேரக்கூடியது பணநட்டம் மட்டுமன்று, தீவிபத்து. காபரேற்றருக்குரிய பம்பியைத் தெளிப்பு எஞ்சினில் பூட்டினாலோ, வண்டி நகரவே மறுக்கும்.

அன்று மலையடிவாரத்தில் வண்டியைத் திருப்பிய சாரதி, பெற்றோல் எங்கே தடைப்படுகிறது என்பதை அறிந்திருந்தார். அதையே நாமும் முதலில் அறிந்துகொள்வோம், நேயர்களே. புதிய பம்பியை வாங்குவது அதன் பிறகாகட்டும்.