சஞ்சிக்கூலியும் சுதந்திரமான சம்மதமும்



கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களின் வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் 'சஞ்சிக்கூலி' என்னும் சொல்லை நான் விளக்க வேண்டியுள்ளது. 'ஜஞ்சி' என்னும் மலாய்ச் சொல்லுக்கு வாக்குறுதி என்பது பொருள். 'சஞ்சி' அதிலிருந்து வந்தது என்பர். அப்படியாயின், அது உண்மையிலேயே ஒப்பந்தந்தானா?

அளவுகோல் சட்டத்திலேயே உள்ளது. மலேசிய ஒப்பந்தச் சட்டம் 1950, இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ஐ முன்மாதிரியாகக் கொண்டது. அதற்கு முன்பே, 1899-இல், சிலாங்கூர் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களில் அதே வழியில் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. ஒருவர் முன்மொழிய, மற்றவர் ஏற்க, உடன்பாடு பிறக்கிறது. ஆனால் 10-ஆம் பிரிவின்படி, தகுதியுடையோர் சுதந்திரமான சம்மதத்துடன், முறையான மறுபயனுக்காக, முறையான நோக்கத்துடன் செய்தால்தான் அது ஒப்பந்தமாகும்.

சஞ்சிக்கூலிக்கு மறுபயன் இருந்தது: கூலி. கப்பற்செலவு கடனாகி, அக்கூலியிலிருந்தே பிடிக்கப்பட்டது. ஏற்பும் இருந்தது: கைநாட்டு. சம்மதம்? வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, பொய்யுரை, தவறு ஆகியவற்றால் பெறப்பட்ட சம்மதம் சுதந்திரமானதன்று என்கிறது 14-ஆம் பிரிவு. பசி இப்பட்டியலில் இல்லை! வறுமையால் கைநாட்டு வைத்தேன் என்பது மட்டும் வழக்கில் நிற்காது. ஆனால் வாசிக்கத் தெரியாதவனிடம் வேலையைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தால், அது வேறு கதை.

என்னை உறுத்துவது வேறொன்று. ஒப்பந்தத்தை மீறினால் இழப்பீடு என்பதே ஒப்பந்தச் சட்டத்தின் முறை. தோட்டத்தை விட்டு ஓடிய சஞ்சிக்கூலிக்கோ சிறை!

1910-இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. கங்காணி முறையில் வந்தவர் ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம். தாளில் அவர் சுதந்திரர். ஆயினும் கங்காணி அதே ஊர்க்காரர், பல வேளைகளில் உறவினர். கடன் கொடுத்தவரும் அவரே. ஆட்கள் வேலைக்கு வரும் நாட்கணக்கில் அவருக்குத் தலைக்காசும் கிடைத்தது. தகாத செல்வாக்கு என்று சட்டம் சொல்வதற்கு இதைவிட நெருங்கிய எடுத்துக்காட்டை நான் அறியேன். 1938-இல் இந்திய அரசு இவ்வாட்சேர்ப்பைத் தடை செய்தது.

இங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு லயத்து வீடு வேலையோடு சேர்ந்து வந்தது. வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். அதை மெய்ப்பிப்பதுதான் கடினம். பிற்காலத்தில் தோட்டங்கள் கைமாறி மேம்பாட்டுக்குப் போனபோது, தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த பல குடும்பங்களிடம் வீட்டுக்கென்று காட்ட ஒரு தாளும் இல்லை.