கருவி வீட்டைவிட்டு வெளியேறும்போது: அகத்தியர் மலை முதல் மூணாறு வரை

வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்த கம்பியில்லா வெப்பநிலை உணரி பல மாதங்கள் தொல்லையின்றி இயங்குகிறது. அதையே பொன்முடியின் சரிவில் வைத்தால் ஒரு பருவமழையைத் தாண்டுவதே அரிது. இதைப் புதிய தொழில்நுட்பத்தின் குறையாகக் கருதுவது வழக்கம். ஆனால் இச்சிக்கலின் வரலாறு வானொலி அலைக்கும் முற்பட்டது. அதன் முக்கிய அத்தியாயம் ஒன்று பொன்முடிக்குத் தென்கிழக்கே சுமார் 20 கி.மீ. தொலைவில், நாம் பொதிகை என்றழைக்கும் அகத்தியர் மலையில் நிகழ்ந்தது.

சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் நிறுவிய திருவனந்தபுரம் வான்நோக்கு நிலையத்துக்கு 1852இல் இயக்குநராக வந்தவர் ஸ்காட்லாந்தின் ஜான் ஆலன் புரூன். காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காந்த ஊசியின் விலக்கம் ஆகியவை உயரத்திற்கேற்ப எவ்வாறு மாறுகின்றன என்பதை அறிய, நகரிலும் மலையுச்சியிலும் ஒரே வேளையில் அளவெடுக்க விரும்பினார். 1855இல் அகத்தியர் மலையில், ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில், ஒரு நிலையம் எழுந்தது.

கருவிகளைக் காடு கடந்து மேலேற்றியதோடு வேலை முடியவில்லை. காற்றுக்கும் மழைக்கும் ஈடுகொடுக்கும் கூரை வேண்டியிருந்தது. குளிரிலும் மூடுபனியிலும் இரவுபகலாக அளவுகளைக் குறிக்க உதவியாளர்கள் தங்க வேண்டியிருந்தது. உச்சியில் கண்டது நகரை அடைய ஒரே வழி, மனிதர் எழுதி மனிதர் சுமந்து இறங்கும் தாள்தான். இன்றைய மொழியில் சொன்னால், அந்த உதவியாளரே மின்கலமும் அலைபரப்பியும் ஆவார். இரு நிலையங்களின் காந்த விலக்க அளவுகள் 1874இல் நூலாக வெளிவந்தன. மலையேறி அளவெடுத்தவர்களின் உழைப்பே அதன் அடித்தளம்.

வெட்டவெளியில் எதை அளக்கிறோம் என்பதே ஐயத்திற்குரியது. வெயில்படும் வெப்பமானி காற்றின் வெப்பத்தைக் காட்டாது. தான் சூடேறியதையே காட்டும். கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் இதற்காக வெண்சாயம் பூசிய, சாய்பலகை இடைவெளிகள் கொண்ட மரப்பெட்டியை 1864இல் முன்வைத்தார். இன்றைய உணரிக்கும் அதே நிழலும் காற்றோட்டமும் தேவை. முற்றிலும் அடைத்த நெகிழிப் பெட்டியும் எப்போதும் காப்பதில்லை. இரவுக் குளிரில் உள்ளிருக்கும் ஈரமே துளியாகிச் சுற்றுப்பலகையை அரிக்கிறது.

தாள் சுமந்தவரின் இடத்தை இன்று அலை ஏற்றிருக்கிறது. அதற்கும் காடு தடைதான். வீட்டு உணரிகளில் பல பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை ஈர இலைகள் பெரிதும் உறிஞ்சுகின்றன. உரிமமின்றிப் பயன்படுத்த இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட 865–868 மெகாஹெர்ட்ஸ் அலை இத்தகைய இடங்களில் மேலும் தொலைவு செல்லும். ஆயினும் தரவு மிகுதியாகத் தேவைப்படும் மழைநாள்களில்தான் சூரியத் தகடு மிகக் குறைவாக மின்னூட்டுகிறது.

இது வெறும் பொறியியல் புதிரன்று. 2001 நவம்பர் 9 அன்று, அகத்தியர் மலையின் தென்மேற்கு அடிவாரப் பகுதியிலுள்ள அம்பூரியில் பெருமழையால் ஏற்பட்ட மண்சரிவு முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. இடுக்கி மாவட்டத்து மூணாற்றின் அந்தோணியார் காலனி 2005இல் சரிவைக் கண்டது. பின்னர் அமிர்தா பல்கலைக்கழகம் அங்கே கம்பியில்லா உணரி வலையமைப்பை நிறுவியது. மண்ணின் நீரழுத்தத்தையும் அசைவையும் அளக்கும் கருவிகள் ஆழத்துளைகளில் புதைக்கப்பட்டன. அலைபரப்பிகள் தரைக்கு மேலே நிறுத்தப்பட்டன. தரவு செயற்கைக்கோள் வழியே கொல்லம் மாவட்டத்து வளாகத்தை அடைந்தது. 2009 ஜூலை பெருமழையின்போது அவ்வமைப்பைக் கொண்டு ஊர்மக்களுக்கு எச்சரிக்கை வழங்கப்பட்டது.

பொன்முடிச் சாலையும் மண்சரிவால் மூடப்பட்டதுண்டு. அங்கே உணரி வைக்க முனையும் ஆய்வு மாணவர்கள் கருவியின் விலையோடு இன்னொரு கணக்கையும் எழுதிக்கொள்வது நல்லது: திட்டக்காலம் முடிந்தபின் பெட்டியைத் திறந்து துடைப்பவர் யார், மின்கலத்தை மாற்றுபவர் யார், நள்ளிரவில் எண் ஏறும்போது யாருடைய கதவைத் தட்டுவது? முதலிரண்டு கேள்விகளும் புரூனின் காலத்தவை. மூன்றாவதை அம்பூரி நம்மிடம் கேட்டிருக்கிறது.