கண்டித் துவக்கும் போல்ட் ரைபிளும்

கண்டி மன்னர் காலத்துத் தீக்கல் துவக்கையும் மான் வேட்டைக்கென இன்று கடைக்கு வரும் போல்ட் ஆக்‌ஷன் ரைபிளையும் அருகருகே வைத்தால், முதலில் கண்ணில் படுவது பக்கமாற்றம். கண்டித் துவக்கின் விசைப்பொறி குழலுக்கு இடப்புறம் இருக்கிறது. போல்ட்டின் கைப்பிடி பெரும்பாலும் வலப்புறம். முன்னதன் பிடங்கு இரண்டாகப் பிளந்து சுருள்சுருளாகச் செதுக்கப்பட்டது. பின்னதன் பிடங்கில் அழகுக்கு இடமில்லை. பல சமயம் அது மரம்கூட அல்ல.

பிறப்பில் இரண்டும் ஒரே சாதி. மன்னரிடம் வெடிக்காரர் என்றொரு படைப்பிரிவே இருந்தது. போல்ட் ரைபிளும் அப்படித்தான்: 1898ஆம் ஆண்டின் மவுசர் போர்க்கருவி, இன்றைய வேட்டை ரைபிள்கள் பல அதன் வாரிசுகள். 1900இல் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு எழுந்த தோட்டத்துரைமாரின் ரைபிள் படையும் போல்ட் ஆயுதத்தைப் பழகிய படையே. போருக்கென்று பிறந்தவை பிறகு காட்டுக்குள் நுழைந்தன.

புதிதாகக் கையில் எடுத்துச் சுட்டுப் பார்க்கும்போதுதான் உறவு நெருங்குகிறது. கண்டித் துவக்கில் மருந்து எவ்வளவு, குண்டு எவ்வளவு இறுக்கம் என்பதை அந்தந்தக் குழலிடமே கேட்டறிய வேண்டும். கைவேலை என்பதால் ஒன்றுபோல் மற்றொன்று இராது. இயந்திரம் கடைந்த குழலுக்கு இந்தத் தொல்லை இராது என்றுதான் எவரும் நினைப்பர். ஆனால் ஒரே அளவுத் தோட்டாவில் இரண்டு வகையை வாங்கி 100 மீட்டரில் தாளில் சுட்டால், ஒன்று விரலிடை நெருக்கத்தில் துளையிடும். மற்றது உள்ளங்கை அகலத்துக்குச் சிதறும். அதே தொழிற்சாலையின் அடுத்த ரைபிளுக்கு இரண்டாவது வகை பிடித்துப்போகலாம். சாப்பாட்டில் பிள்ளைகளுக்கு இருப்பதுபோல் குழலுக்கும் விருப்புவெறுப்பு உண்டு. தொழிற்சாலையால் அதை மாற்ற முடியவில்லை.

காத்திருப்பும் பொது. தீக்கல் துவக்கில் சில வெடிக்குப் பின் கரி படிந்து குண்டு இறங்க மறுக்கும். போல்ட் ரைபிளின் மெல்லிய வேட்டைக் குழலோ சூடேறிக் குண்டு விழும் இடத்தை நகர்த்தும்; ஆறும்வரை பொறுக்க வேண்டும். கண்டி மழை இரண்டையும் விட்டுவைப்பதில்லை: அங்கே கிண்ணத்து மருந்து நனைகிறது, இங்கே மரப் பிடங்கு ஊறிப் பருத்துக் குழலை நெருக்குகிறது. செயற்கைப் பிடங்கின் நியாயம் இந்த இடத்தில்தான் விளங்குகிறது.

வேகத்தில் ஒப்பே இல்லை. ஒரு வெடிக்குப் பின் மருந்தை இடித்து இறக்குவதற்குள் போல்ட்டை நாலைந்து முறை இழுத்துத் தள்ளிவிடலாம். ஆயினும் மரை என்னும் சாம்பர் மான் இரண்டாவது வெடிக்கு நிற்பதில்லை. ஆகவே அறிந்தவர் புது ரைபிளைச் சோதிக்கையில், குளிர்ந்த குழலின் முதல் தோட்டா எங்கே விழுகிறது என்பதையே குறித்துக்கொள்கிறார். ஐந்து தோட்டா கொள்ளும் கருவி, கடைசியில் ஒற்றைவெடித் துவக்காகவே மதிப்பிடப்படுகிறது.

வேடிக்கை என்னவென்றால், மலைநாட்டு மரை வேட்டையால் பேர்பெற்ற சாமுவேல் பேக்கர் மரையை முடித்தது பெரும்பாலும் நாய்களாலும் கத்தியாலும்தான். இன்று ஹோர்ட்டன் சமவெளியில் மரைகள் வாகனத் தரிப்பிடம் வரை வந்து நிற்கின்றன. 1937இன் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் அவற்றைக் காக்கின்றன. 1875இல் நியூசிலாந்துக்கு ஏற்றப்பட்ட இலங்கை மரைகளின் சந்ததிக்கோ அந்தப் பாதுகாப்பு இல்லை. புது போல்ட் ரைபிள் தன் மரையைச் சந்திப்பது அங்கேதான், அல்லது ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில். விக்டோரியா விதிப்படி மரைக்கான ரைபிளின் துளை குறைந்தது 0.270 அங்குலம், குண்டு 130 கிரெய்ன், அதாவது சுமார் 8.4 கிராம். துளையையும் எடையையும் மட்டும் பார்த்தால் கண்டித் துவக்கு இந்தத் தேர்வில் தாராளமாகத் தேறிவிடும். தோற்பது 100 மீட்டர்த் தாளின் முன்னால்தான்.