புதுமையின் இடர் யாருடையது? சிவகாசிப் பட்டாசுத் தொழிலை முன்வைத்து ஓர் ஆய்வு

1. சிக்கல்

புதியதை ஆக்குபவர் யார், அதன் இடரை ஏற்பவர் யார் என்ற இரண்டு கேள்விகள் தொழில்முனைவுக் கோட்பாட்டின் அடித்தளம். ஜோசப் ஷும்பீட்டர் 1911-இல் வெளியிட்ட பொருளாதார வளர்ச்சிக் கோட்பாட்டில் புதிய பண்டம், புதிய செய்முறை, புதிய சந்தை, புதிய மூலப்பொருள், புதிய தொழிலமைப்பு எனப் புதுமையை ஐவகையாகப் பிரித்தார். இடரை ஏற்பவர் தொழில்முனைவர் அல்லர், அவருக்குப் பணம் தந்த முதலாளியே என்பது அவர் முடிவு. நிச்சயமின்மையைத் தாங்குவதற்கான பலனே லாபம் என்று 1921-இல் பிராங்க் நைட் எழுதினார். இருவர் கணக்கிலும் இழப்பு என்பது பணம். உடலால் இடரை ஏற்பவருக்கு அக்கணக்கில் இடமில்லை. விருதுநகர் மாவட்டப் பட்டாசுத் தொழில் இந்தக் குறையை வெளிப்படுத்துகிறது. ஒரு புதுமை இடரை யாரிடமிருந்து யாருக்கு நகர்த்துகிறது என்பதே அதை மதிப்பிடும் முதல் அளவுகோலாக வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

2. தொழிலமைப்பில் நிகழ்ந்த புதுமை

சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். இயந்திரம் கொண்டு தொடங்கிய உற்பத்தி விரைவில் கையுழைப்புக்கு மாறியது. வானம் பார்த்த கரிசலில் ஆண்டின் பெரும்பகுதி வேலையின்றி இருந்த குடும்பங்கள் அருகிலேயே இருந்தன; வறண்ட காற்றும் துணைநின்றது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக வந்த அச்சகங்கள் நாள்காட்டியும் நாட்குறிப்பும் அச்சிடும் பெருந்தொழிலாக வளர்ந்தன. தீப்பெட்டியைத் தொடர்ந்து மத்தாப்பும் பட்டாசும் வந்தன.

இவற்றுள் ஆழமான புதுமை தொழிலமைப்பில்தான் நிகழ்ந்தது. குழல் சுற்றுதல், மருந்து கலத்தல், மருந்து செலுத்துதல், திரி வைத்தல், உலர்த்துதல், பெட்டியில் அடுக்குதல் என வேலை சிறு சிறு கூறுகளாகப் பிரிந்தது. இயந்திரத்துக்குப் போட வேண்டிய முதலைக் கைகளின் எண்ணிக்கை ஈடுசெய்தது. அக்கைகளுள் குழந்தைகளின் கைகளும் இருந்தன. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று, அபாயகரமான தொழிலில் குழந்தையை வேலைக்கு வைத்தவர் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. மலிவான உற்பத்தியின் விலையை அதுவரை யார் கொடுத்துவந்தார்கள் என்பதற்கு அத்தீர்ப்பே சான்று.

3. மருந்து அறை

இடர் எங்கே குவிகிறது என்பதை மருந்து அறையில் காணலாம். ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கும் சிறு அறைகள். தரையில் ரப்பர் விரிப்பு. இரும்புக் கருவிக்கு இடமில்லை. ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. கலக்கும்போது கொஞ்சம் அழுத்தினாலும் உராய்வு ஏற்படும். அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறக்கூடும். எனவே மிஞ்சிய மருந்தை மறுநாளுக்கு வைப்பது ஆபத்து. கலவையின் நிறத்தையும் பதத்தையும் விரலால் அறிந்து வேலை செய்பவரிடம் இருப்பது நுட்பமான அறிவு.

அந்த அறிவுக்கு எதிராக நிற்பது கூலி முறை. உருப்படிக் கணக்கில் கூலி பெறுபவருக்கு நிதானம் நட்டம். உரிமம் பெற்றவர் அறைகளை உள்குத்தகைக்கு விடும்போது, குத்தகைக்காரர் தீபாவளிக்கு முன் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். நால்வர் அறையில் கூடுதல் ஆட்கள் அமர்வதும், மரத்தடியில் வேலை நடப்பதும் அந்த நெருக்கடியின் விளைவு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலையொன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். உதவிக்கு ஓடிவந்த ஊர்க்காரர்களும் அவர்களில் அடக்கம். ‘உராய்வினால் விபத்து’ என்று ஒவ்வொரு முறையும் எழுதப்படும் வரி, அந்த உராய்வை உண்டாக்கிய அவசரத்தைப் பற்றி மௌனம் சாதிக்கிறது.

4. ஒரு மறுப்பு

ஆபத்தான வேலைக்குக் கூலி அதிகம், அதைத் தெரிந்தே தொழிலாளி ஏற்கிறார், ஆகவே இடருக்கு விலை கொடுத்தாகிவிட்டது என்பர். கடினமான, விரும்பத்தகாத வேலைக்குக் கூலி உயரும் என்று ஆடம் ஸ்மித் 1776-இல் எழுதியதன் நீட்சி இது. இந்த வாதம் நிற்க இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: மாற்று வேலை இருக்க வேண்டும், ஆபத்தின் அளவு தெரிந்திருக்க வேண்டும். மழை பொய்த்த கரிசல் முதல் நிபந்தனையைப் பெருமளவு பறித்துவிடுகிறது. தன் கையில் உள்ள கலவையின் வேதியியல் சொல்லித் தரப்படாதவரிடம் இரண்டாவது நிபந்தனையும் நிறைவேறுவதில்லை. அவர் தரும் ஒப்புதலை விலை என்று எழுதுவது கணக்குப் பிழை.

5. பசுமைப் பட்டாசு

அர்ஜுன் கோபால் வழக்கில் 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடை செய்து, பசுமைப் பட்டாசுக்கு வழிவிட்டது. நாக்பூரிலுள்ள நீரி ஆய்வகம் ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்ற கலவைகளை உருவாக்கியது. நுண்துகள் உமிழ்வை 30 விழுக்காடேனும் குறைப்பது இலக்கு. நகரத்தின் நுரையீரலைக் காக்கும் இந்தப் புதுமை தேவையானது. ஆனால் அதன் வரையறை புகையை அளக்கிறது. கலப்பவர் கைக்கு நேரும் ஆபத்து அந்த அளவீட்டில் இல்லை. சரவெடி பின்னிய பெண்களின் வேலை இழப்பும் அதில் சேரவில்லை. பட்டாசைக் கொளுத்துபவரின் இடரைக் குறைத்த அறிவியல், செய்பவரின் இடரையும் அதே முனைப்போடு எடுத்துக்கொண்டால்தான் அது முழுமை பெறும்.

6. மகமை காட்டும் வழி

இதற்கான மெய்யியலை வெளியிலிருந்து இரவல் பெற வேண்டியதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் நாடார் வணிகர்கள் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு பங்கை மகமையாகச் செலுத்தினர். அந்தப் பொதுப் பணத்தில் பேட்டைகளும் பள்ளிகளும் எழுந்தன. வணிகத்தின் இடர் தனியொருவர் தலையில் விழக் கூடாது என்ற அறம் அதில் செயல்பட்டது. அந்த அறத்தின் எல்லை வணிகரோடு நின்றுவிட்டது. அதைத் தொழிலாளி வரை நீட்டுவதே இன்றைய பணி. பட்டாசுப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு மகமை விதித்து, மனிதக் கை படாமல் மருந்து கலக்கவும் செலுத்தவும் உதவும் கருவிகளை ஆராயலாம். அந்த ஆய்வுக் குழுவில் மருந்து அறையில் பழகிய தொழிலாளர்கள் இடம்பெற வேண்டும். மருந்து அறைகளில் உருப்படிக் கூலியை நீக்கி நாட்கூலி தர வேண்டும். உள்குத்தகை ஒழிய வேண்டும். இவற்றால் பட்டாசின் விலை உயரும். அந்த உயர்வைச் செலவு என்று எழுதுவது பிழை. இத்தனை காலம் தொழிலாளியின் உடல் செலுத்திவந்த தொகைதான் அது. இனி அதை விற்பவரும் வாங்குபவரும் ஏற்கட்டும்.